வெள்ளைப் பணியாரம் யாருக்கு? வீட்டுச் சமையல் நூல் எழுதுமுன் முடிவு செய்ய வேண்டியது

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் எந்த ஆச்சியிடமும் வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு கேட்டுப் பாருங்கள். “உழக்கு நிறையப் பச்சரிசி, அதுக்கு மேல கோபுரமா உளுந்து” என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். நேரில் கேட்பவருக்கு அது போதும். உழக்கு அடுப்படியிலேயே இருக்கிறது. கோபுரம் எவ்வளவு உயரம் என்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இதே வரியை அச்சில் ஏற்றிக் கோலாலம்பூரில் இருக்கும் பேத்திக்கு அனுப்பினால் கதை மாறும். அவள் வாய் அகன்ற கோப்பையில் அரிசியை அளப்பாள். வாய் அகன்றால் கோபுரமும் பெருக்கும். உளுந்து கூடிப்போய்ப் பணியாரம் எண்ணெய் குடிக்கும். குறிப்பில் பிழை இல்லை, போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

வீட்டுச் சமையலையும் சடங்குகளையும் எழுதிவைக்க நினைக்கும் குடும்பங்கள் செட்டிநாட்டில் நிறைய. பெரும்பாலும் முதலில் எழுதி முடிக்கிறார்கள், பிறகுதான் அச்சகத்துக்கும் பதிப்பகத்துக்கும் அலைகிறார்கள். இந்த வரிசையால் வேலை இரட்டிப்பாகும். எந்த வழியாகப் போகிறது என்பது தெரிந்தால்தான் அளவு உழக்கா கிராமா, ஒரு குறிப்புக்கு எத்தனை வரி, எந்தச் சொல்லை விளக்க வேண்டும், முன்னுரை வேண்டுமா என்பதெல்லாம் தீரும். பெரிய வழிகள் நான்கு: வாட்ஸ்அப் தொடர், விழாவில் கொடுக்கும் நூல், பதிப்பக நூல், அமேசானின் மின்னூல் வழியான கிண்டில். அவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்போம்.

வாட்ஸ்அப்: செலவில்லை, ஆனால் திரும்பப் பெற முடியாது

பங்காளிகள் குழு, பிறந்த வீட்டுக் குழு, ஊர்ப் புள்ளிகள் (ஊர்க் கணக்கில் உள்ள குடும்பங்கள்) குழு என்று வாசகர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் இடம் இது. இங்கே நீளம்தான் முதல் கட்டுப்பாடு. நீண்ட செய்தி பாதியில் நின்று ‘மேலும் படிக்க’ என்று காட்டும். பாதிப் பேர் அதைத் தொடமாட்டார்கள். எனவே பண்டத்தின் பெயர், அளவு இரண்டும் முதல் நான்கு வரிக்குள் வந்துவிட வேண்டும். அந்தப் பண்டத்தை ஐயா எப்படி ரசித்துச் சாப்பிடுவார் என்பது கடைசியில் வரட்டும். ஒரு செய்திக்கு ஒரு பண்டம், 150 முதல் 200 சொல், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, எந்தச் செய்தியும் தனியாக நிற்க வேண்டும். ‘நேற்றுச் சொன்ன மாவையே எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதினால், பிறர் அனுப்பி இன்று மட்டும் பெற்றவருக்கு ஒன்றும் புரியாது. எழுதியவர் பெயரும் ஊரும் செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். மூன்று கை மாறிய பிறகு யார் எழுதியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. நாலாவது கையில் வேறொருவர் பெயரே ஒட்டியிருக்கும்.

பெரிய ஆபத்து அளவுப் பிழை. அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள்தான் திருத்தலாம். அதற்குள் ஒருவர் பகிர்ந்துவிட்டால், நீங்கள் திருத்தினாலும் அவர் அனுப்பிய பிரதி திருந்தாது. ‘உப்பு 2 தேக்கரண்டி’ என்பது ‘2 மேசைக்கரண்டி’ என்று போனால் அது ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே அளவு வரியை மட்டும் வேறொருவர் படித்துப் பார்த்த பிறகு அனுப்புவது நல்லது.

இந்த வழியை எழுத்தின் முடிவாக நினைக்காமல் தொடக்கமாக நினைத்தால் பலன் அதிகம். செய்தி போட்ட அரை மணியில் “எங்க வீட்ல பால் ஊத்தி அரைப்போம்”, “சீனி போட்டாத்தான் ஓரம் மொறுமொறுப்பா வரும்” என்று பதில்கள் குவியும். எந்தப் பதிப்பாசிரியரும் இப்படிச் சரிபார்த்துத் தரமாட்டார். அந்தப் பதில்களைத் தேதி, ஊர், சொன்னவர் உறவுமுறை சேர்த்துத் தனி நோட்டில் ஏற்றுங்கள். குரல் பதிவாக வந்தால் அன்றைக்கே எழுத்தாக்கிவிட வேண்டும். தொலைபேசி மாற்றும்போது முதலில் தொலைவது அவைதான்.

விழா நூல்: விலை இல்லாத புத்தகத்தின் கட்டுப்பாடுகள்

மணிவிழா, சதாபிஷேகம், கல்யாணம் என்று விசேஷத்துக்கு வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் நூல் போட்டுக் கொடுப்பது நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் நன்கு வேரூன்றிய பழக்கம். பாராயண நூல்களே அதிகம். சமையல் நூலும் இப்போது அந்தப் பையில் இடம்பிடிக்கிறது. எழுதுபவருக்கு இது தரும் சுதந்திரம் பெரிது. யாரையும் வாங்கவைக்க வேண்டியதில்லை. வாசகருக்கு இழை எடுப்பது என்றால் என்னவென்று தெரியும், வேவு என்ற சீர் தெரியும், வீட்டின் இரண்டாம் கட்டு தெரியும். பிள்ளையார் நோன்பைப் பற்றி எழுதும்போது மாவு அளவு, வெல்லப் பாகின் பதம், இழை எடுக்கும் வரிசை இவை போதும். இதையே வெளியாருக்கு எழுதினால், திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வரும் நோன்பு என்பதில் தொடங்கி, 21 நூலிழைத் திரி, இழைமாவில் பிடித்த பிள்ளையார், சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது என்று ஒரு பக்கம் போய்விடும்.

நேரம்தான் இங்கே அதிகாரி. முகூர்த்தம் தள்ளிப்போகாது. 60 நாள் முன்பு தொடங்குவதாக வைத்துக்கொண்டால், முதல் 25 நாளில் எழுத்து முடிந்து மூடப்பட வேண்டும். பக்க வடிவமைப்புக்குப் பத்து நாள், மெய்ப்பு இரண்டு சுற்றுக்கு எட்டு நாள், அச்சுக்கும் கட்டுக்கும் பத்து நாள். மீதி ஏழு நாள் கையிருப்பு. மின்வெட்டு, தாள் வரவில்லை, அட்டையில் பெயர் மாறிவிட்டது என்று அந்த ஏழு நாளும் எப்படியும் கரையும். எழுத்தை மூடும் தேதிக்குப் பிறகு ‘இன்னும் ஒரு துவையல்’ என்று யார் கொண்டுவந்தாலும் சேர்க்கக் கூடாது.

அளவையும் வடிவத்தையும் அடுப்படி தீர்மானிக்கிறது. அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். மூன்று பாரம், அதாவது 48 பக்கம் என்றால் நடுவில் பின் அடித்துக் கட்டலாம். சமையல் மேடையில் வைத்தால் விரிந்தே கிடக்கும். முதுகில் பசை ஒட்டிய புத்தகம் மூடிக்கொள்ளும், மாவுக் கையோடு அதைத் திறந்து பிடிக்க முடியாது. தாம்பூலப் பைக்குள் அடங்க கிரவுன் என்ற சிறிய அளவு வசதி, அதை விடப் பெரிய டெமி அளவு சில பைகளில் துருத்தி நிற்கும். வாசகர்களில் பாதிப் பேர் அறுபதைக் கடந்தவர்கள் என்பதால் எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது. கிரவுன் பக்கத்தில் அந்த எழுத்தில் நூற்றுச் சொச்சம் சொல்தான் பிடிக்கும். படங்கள், பெயர்ப் பட்டியல் போக 30 பண்டங்களுக்கு இடம் இருக்கும். எனவே ஒரு பண்டம் ஒரு பக்கம் என்று எழுதும்போதே வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் திருப்பித் தொடரும் குறிப்பு பாதி வதக்கலில் கைவிடும்.

எழுத்தை 49-ஆம் பக்கத்துக்கு வழியவிட்டால் அச்சகம் அடுத்த அரைப் பாரத்துக்காவது தாள் கணக்குப் போடும். அதற்கு ஒரு குறிப்பை வெட்டுவதே மேல்.

பிழை நேர்வது பெரும்பாலும் சமையலில் அல்ல, பெயர்களில். பெயருக்கு முன்னால் போடும் விலாச எழுத்து ஒன்று விட்டுப்போனாலும், மூத்த வீட்டுக்கு முன்னால் இளைய வீடு வந்தாலும், நூல் கைக்கு வந்த ஐந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும். ஏனென்றால் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பெயர்ப் பக்கத்தை மட்டும் தனியாக அச்செடுத்து, ஒவ்வொரு பங்காளி வீட்டிலும் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய படங்களை வாட்ஸ்அப்பில் படமாக வாங்காதீர்கள், சுருங்கி வரும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். நான்கு அங்குல அகலத்தில் அச்சாக வேண்டுமானால் படம் குறைந்தது 1200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழா நூல்களில் பலவற்றில் ஆண்டும் ஊரும் அச்சகமும் இருக்காது. ‘சுபம்’ மட்டும் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் அழைப்பிதழ், நோட்டீஸ் முதற்கொண்டு சேர்த்துவைத்தார். 1994-இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகத்துக்கு அந்தச் சேகரிப்பே அடிப்படை. அப்படியொருவர் கையில் நாளைக்கு இந்த நூல் கிடைக்கும்போது எந்த ஆண்டு, எந்த ஊர் என்று தெரிய வேண்டாமா? இரண்டாம் பக்கத்தில் மூன்று வரி போதும்.

பதிப்பகம்: அந்நியர் காசு கொடுக்க வேண்டும்

சக்தி காரியாலயம் நடத்திய ராயவரம் வை. கோவிந்தன், உலகம் சுற்றி எழுதிய கோட்டையூர் ஏ.கே. செட்டியார் என்று பதிப்புலகில் இந்த மண்ணுக்குப் பழைய தொடர்பு உண்டு. ஆனாலும் பதிப்பாசிரியர் கேட்கும் முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: திருநெல்வேலியில் இருப்பவர் இதை ஏன் வாங்க வேண்டும்?

‘எங்கள் வீட்டுச் சமையல்’ என்பது அதற்குப் பதில் ஆகாது. ஒரு பொருளில் குறுக வேண்டும்: பலகாரங்கள் மட்டும், அல்லது கவுனியரிசி, கும்மாயம் போன்ற இனிப்புகள் மட்டும், அல்லது வற்றல் ஊறுகாய் மட்டும். நெடுஞ்சாலை ஓட்டல் பலகைகள் ‘செட்டிநாடு’ என்றால் மிளகாய்க் காரம் என்று பழக்கிவைத்திருக்கின்றன. அதை உடைக்கும் நூலுக்கு வாசகர் இருக்கிறார். விழா நூலில் 30 பண்டங்களுக்கு ஒவ்வொரு பக்கம் போதும் என்றால், இங்கே அதே பண்டத்துக்கு இரண்டரைப் பக்கம் வேண்டியிருக்கும், ஏனென்றால் பக்கத்தில் நின்று திருத்த ஆச்சி இல்லை.

பணியாரத்தையே எடுத்துக்கொள்வோம். பதிப்பக நூலில் அது இப்படி விரியும்: பச்சரிசி 200 மி.லி. டம்ளரில் தலைதட்டி ஒன்று, உளுந்து 2 மேசைக்கரண்டி. இரண்டையும் சேர்த்து 2 மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய்போல நைஸாக அரைக்க வேண்டும். கால் டம்ளர் பால், அரைத் தேக்கரண்டி சீனி, உப்பு. தோசை மாவை விடச் சற்றே தளர்வாக இருக்கட்டும். புளிக்கவிடக் கூடாது, உடனே ஊற்ற வேண்டும். மிதமான சூட்டில் ஒரு கரண்டி ஊற்றினால் மேலெழும்பி உப்பும். திருப்பிவிட்டு, நிறம் மாறுமுன் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு ‘எங்கே தவறும்’ என்று ஒரு பத்தி: உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், மாவு கெட்டியானால் நடு வேகாமல் கட்டியாகும், நீர்த்தால் ஓரம் பிய்ந்து பரவும், எண்ணெய் காய்ந்து புகைந்தால் சிவந்துவிடும், பிறகு அது வெள்ளைப் பணியாரம் இல்லை. முதல் பணியாரத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கி, அதைப் பார்த்து மாவில் ஒரு கை பாலோ ஒரு கரண்டி அரிசி மாவோ சேர்க்கச் சொல்ல வேண்டும்.

இப்படி எழுத, ஒவ்வொரு பண்டத்தையும் தராசும் அளவுக் கோப்பையும் வைத்துச் செய்தே பார்க்க வேண்டும். அதுவும் எழுதியவர் செய்தால் போதாது. இந்தப் பக்கத்துச் சமையல் தெரியாத ஒருவர் தாளை மட்டும் பார்த்துச் செய்ய, நீங்கள் வாயைத் திறக்காமல் அருகில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் எங்கே நின்று உங்கள் முகத்தைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

காசுக் கணக்கு: ஆசிரியருக்கு ராயல்டி விலையில் 10 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. 200 ரூபாய் நூல் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய். சொந்தமாக அச்சிட்டால் லாபம் கூடும் என்று தோன்றும். கடைக்கும் விநியோகத்துக்கும் 30 முதல் 40 சதவீதம் கழிவு போகும், விற்காத கட்டு உங்கள் வீட்டுப் பட்டாலையில் அடுக்கி நிற்கும். சில நூறு பிரதி என்றால் டிஜிட்டல் அச்சு, 500-ஐத் தாண்டினால் ஆஃப்செட் என்று இரண்டுக்கும் மதிப்பீடு வாங்கிப் பாருங்கள். சர்வதேசத் தர நூல் எண் (ISBN) இந்தியாவில் இலவசம். அதற்குக் காசு கேட்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியில், பொங்கலை ஒட்டி வருவது வழக்கம். அதற்கு நூல் வர வேண்டுமானால் கைப்பிரதி ஆகஸ்ட், செப்டம்பருக்குள் பதிப்பகத்தில் இருக்க வேண்டும். ஆடியில் செய்யும் பண்டங்களை ஆடியிலேயே படம் எடுத்துவைக்காவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

தபாலும் எழுத்தைத் தொடும். டெமி அளவில் 128 பக்கம், 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ என்ற சாதாரண அச்சுத் தாள் என்றால் அட்டையோடு 155 கிராம் வரும். அதே பக்கங்களை வண்ணப் படங்களுக்காக 130 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் போட்டால் 270 கிராம். அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் சேவையில் (2025 மே முதல் நடப்பில் உள்ளது) 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஆர்ட் தாள் நூலை உறை, அட்டை வைத்துக் கட்டினால் அந்த வரம்பைத் தாண்டிவிடும் வாய்ப்பு உண்டு. வண்ணப் படங்களை நடுவில் ஒரே பாரமாகச் சேர்த்து, மீதியைச் சாதாரணத் தாளில் போடுவது பழைய உத்தி, இன்றும் சரியானது. ஆனால் அப்படிச் செய்தால் ‘படத்தில் காண்பதுபோல’ என்று எழுத முடியாது. படம் நாற்பது பக்கம் தள்ளி இருக்கும். பதத்தைச் சொல்லால்தான் சொல்லியாக வேண்டும்.

கிண்டில்: முதல் பத்து சதவீதம்தான் கடை வாசல்

சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிய வாசகரைத் தபால் செலவில்லாமல் எட்டும் வழி. இங்கே எழுத்தின் அமைப்பை மாற்றுவது இலவச மாதிரி. நூலின் முதல் பத்து சதவீதம் அளவுக்குத்தான் வாங்குமுன் படிக்கக் கிடைக்கும். நம் வழக்கப்படி ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, நன்றியுரை என்று வரிசையாகப் போட்டால் மாதிரி முழுக்க மாலை மரியாதையிலேயே தீர்ந்துவிடும். ஒரு பணியாரம்கூட கண்ணில் படாது. உரைகளைப் பின்னுக்குத் தள்ளி, அளவு அட்டவணையையும் நூலின் மிக நல்ல குறிப்பையும் முன்னால் வையுங்கள்.

பக்க எண் இங்கே நிலையாக இருக்காது. ‘பக்கம் 42 காண்க’ என்பதை இணைப்பாக மாற்ற வேண்டும். மூன்று நெடுவரிசை அட்டவணை தொலைபேசித் திரையில் உடையும். அளவுகளை வரி வரியாகப் போடுவதே நல்லது. வெளிநாட்டு வாசகருக்காகக் கிராமும் மில்லிலிட்டரும் கட்டாயம். அமெரிக்கக் கோப்பை சுமார் 240 மி.லி., நம் டம்ளர் சுமார் 200. உழக்கை விட மனமில்லை என்றால் ‘1 உழக்கு = 336 மி.லி., 1 ஆழாக்கு = 168 மி.லி.’ என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் பிறகு தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அச்சகத்தில் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை அப்படியே ஏற்ற முடியாது, யூனிகோட் வேண்டும். மாற்றி மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி சரியாக வரும்; ஆனால் ஒகர, ஓகார உயிர்மெய்களின் கொம்பும் காலும் பிரிந்துபோகும், கிரந்த எழுத்துகள் குழம்பும், எண்களும் பின்னங்களும் வேறு குறியாக மாறும். சமையல் நூலில் ½ என்பது மறைந்தால் அரை உழக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பின்னங்களை எழுத்தில், ‘அரை’, ‘கால்’, ‘முக்கால்’ என்றே எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்ற, கிண்டிலுக்கு மட்டுமே மின்னூலைக் கொடுக்கும் திட்டத்தில் சேர வேண்டும். 90 நாளுக்கு அந்த எழுத்து மின்வடிவில் வேறெங்கும் இருக்கக் கூடாது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், குறியை எடுத்தால்தான் நிற்கும். 70 சதவீதத்தில் கோப்பின் எடைக்கேற்பக் கழிவும் உண்டு. படங்களைக் கூட்டக் கூட்ட உங்கள் பங்கு குறையும்.

மற்ற இரண்டு

பத்திரிகையில் கட்டுரை என்றால் 500, 600 சொல். பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பே போக வேண்டும், தலைப்பும் படமும் அவர்கள் கையில். கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளில் வைக்க ஆங்கிலச் சிறுநூல் என்பது வேறு வேலை. அதைத் தமிழிலிருந்து பெயர்த்தால் சரிவராது, அந்த விருந்தினருக்கென்று புதிதாகவே எழுத வேண்டும்.

எதைத் தேர்வது

முப்பது நாற்பது பண்டங்கள், வீட்டுச் சடங்குகள், பழைய படங்கள் என்று கையில் இருந்தால் விழா நூல்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பதிப்பக நூலை விட அது அதிகம் அடுப்படியில் இருக்கும். ஒரே பொருளில் ஆழமாகப் போகும் பொறுமையும், அந்நியரை வைத்துச் செய்து பார்க்கும் வசதியும் இருந்தால் பதிப்பகம். வாசகரில் பெரும்பகுதி கடல் கடந்து இருந்து, அவர்கள் தமிழ் வாசிப்பவர்களாகவும் இருந்தால் கிண்டில். மூன்றாம் தலைமுறைக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது என்ற நிலை பல வீடுகளில் உண்டு. அங்கே கிண்டிலில் உழைப்பதை விட, ஆச்சியின் குரலில் ஒரு பண்டத்துக்கு மூன்று நிமிடப் பதிவு எடுத்து, அளவை மட்டும் கீழே எழுதிக் கொடுப்பது உருப்படியான வேலை.

ஒன்றுக்கு மேல் செய்வதென்றால் வரிசை முக்கியம். வாட்ஸ்அப்பில் போட்டுத் திருத்தி, விழாவுக்கு அச்சிட்டு, அதன் பிறகு விரித்தெழுதிப் பதிப்பகத்துக்குக் கொடுக்கலாம். கிண்டிலை இடையில் அவசரப்பட்டு நுழைக்க வேண்டாம். செலக்ட் திட்டத்தில் இருக்கும் நாளில் அதே குறிப்புகளை பிடிஎஃப் ஆக்கிக் குழுக்களில் விட்டால் நிபந்தனை மீறல். பதிப்பகமோ ஒப்பந்தத்தில் மின்னூல் உரிமையையும் சேர்த்தே கேட்கும். ஏற்கெனவே கிண்டிலில் இருக்கிறது என்றால் பேச்சு அங்கேயே சிக்கும். கையெழுத்திடுமுன் அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு என்று நான்கு உரிமைகளும் தனித்தனி வரியாக இருக்கின்றனவா, எத்தனை ஆண்டுக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப விசேஷங்களில் இலவசமாகக் கொடுக்கத் தனிப் பதிப்பு அச்சிட்டுக்கொள்ளும் உரிமையையும் ஒரு வரியாக எழுதி வாங்கிவிடுங்கள்.